தூள் நீராய் ஓடிய வரலாறு

களத்துமேட்டில் நெல் தூற்றும் உழவரை நாம் கண்டிருக்கிறோம். தெருவோரத்தில் இருப்புச் சட்டியில் மணலைச் சூடேற்றி, அதில் வேர்க்கடலை வறுக்கும் வணிகரையும் கண்டிருக்கிறோம். முன்னவர் காற்றின் அளவை அறிந்தவர். காற்று மெலிந்தால் பதர் பிரியாது. மிகுந்தால் நெல்மணியும் உடன் பறந்துவிடும். பின்னவர் மணலின் இயல்பை அறிந்தவர். வெறுஞ்சட்டியில் இட்ட கடலை ஒருபுறம் கருகி, மறுபுறம் பச்சையாய் நிற்கும். மணலில் இட்டுக் கிளறினாலோ எப்புறமும் ஒரே பதமாய் வறுபடும். இவ்விருவர் அறிவையும் ஒரே கலத்தில் சேர்த்துப் பார்த்தால் என்ன? ஒரு கலத்தில் மணலை நிரப்பி, அடியிலிருந்து அளவறிந்து காற்றைச் செலுத்தினால் அம்மணல் என்னவாகும்? இவ்வினாவுக்கு விடை தேடிய மனிதர்களின் வரலாறே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இது நமக்கு அயலான பொருள் அன்று. நம் அடுக்களைக்கு வரும் எரிவாயு உருளையிலும், நம் ஊர்ப் பேருந்து நிலையத்தருகே விற்கும் பெட்ரோலிலும் ஒரு பகுதி இத்தகைய கலம் ஒன்றன் வழியாகவே வந்து சேர்கிறது. ஆயினும் அக்கலத்தின் உள்ளே நிகழ்வது யாது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் விடையறியோம்.

நாமும் அறியாதவராகவே இருந்தோம். பல ஆண்டுகளுக்கு முன் தொழில் அறிக்கை ஒன்றைத் தமிழாக்கும் பணி நம் மேசைக்கு வந்தது. அதில் அடிக்கடி வந்த ஒரு தொடரைக் கண்டு திகைத்து, கலைப் பட்டதாரிக்கு உற்ற துணையாகிய அகராதியைப் புரட்டி, ‘திரவப் படுக்கை’ என்று எழுதிவைத்தோம். அதனைப் படித்த பொறியாளர் நண்பர் ஒருவர், “இது யார் துயிலும் படுக்கை ஐயா?” என்று நகைத்தார். பிறகு அவரே, ஆற்றுக்குப் படுகை இருப்பதுபோல் இதுவும் ஒரு படுகை என்றும், படுத்துக் கிடக்கும் தூளைக் காற்று எழுப்பி ஓடச் செய்வதே இதன் சிறப்பு என்றும் விளக்கினார். திரவமும் வாயுவும் பாய்ந்தோடும் இயல்பின. அதனால் அவற்றைப் பொதுவாகப் ‘பாய்மம்’ என்பர். திடப்பொருளாகிய தூளும் பாய்மம்போல் ஒழுகும் நிலைக்கு வந்தால் அது பாய்மப் படுகை ஆகிறது. பிழை நம்முடையது; ஆனால் அப்பிழையே இவ்வரலாற்றைத் தேடிப் படிக்க நம்மைத் தூண்டியது.

இரசாயனத் தொழில்களில் பெரும்பாலானவை ஒரே நிலையிலுள்ள பொருள்களைக் கொண்டு நடைபெறுவதில்லை. வாயு ஒன்று திடப்பொருளைத் தொட்டு மாறவேண்டும். அல்லது திரவத்தில் கரைந்து மாறவேண்டும். சிலவிடத்து மூன்று நிலைகளும் ஒரே கலத்தில் கூடவேண்டும். அவ்வாறு கூடுமிடத்தில் இரசாயன விதி மட்டும் அறிந்தால் போதாது. எது எதனைத் தொடுகிறது, எவ்வளவு நேரம் தொடுகிறது, தொடாமலே நழுவிச் செல்வது எவ்வளவு என்பவற்றையும் அறியவேண்டும். இவற்றை முடிவு செய்வது பாய்மங்களின் இயக்கம். சோதனைக்குழாயில் வென்ற வினை தொழிற்சாலையில் தோற்பதற்கு, வேதியியல் பொய்த்தது காரணமாகாமல், பாய்மத்தின் போக்கு மாறியதே காரணமாதல் உண்டு.

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. 1921ஆம் ஆண்டு இறுதியில் ஃபிரிட்ஸ் விங்க்ளர் என்னும் இரசாயன அறிஞர், கரித்தூள் நிறைந்த ஒரு மூசையின் அடியிலிருந்து சூடான வாயுவைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். தூள் பறந்தோடவில்லை, கிடந்தபடி கிடக்கவும் இல்லை. அது சற்றே எழும்பி, கொதிக்கும் திரவம்போல் தளதளத்தது. வேறொருவர் இதனை வேடிக்கை என்று விட்டிருப்பார். விங்க்ளரோ இதன் பயனை உணர்ந்தார். அக்காலத்தில் நிலக்கரியை வாயுவாக மாற்றும் உலைகளுக்குக் கட்டியான கரியே வேண்டும். சுரங்கத்தில் மலைபோல் குவியும் கரித்தூள் உலையின் மூச்சை அடைத்துவிடும். தூளையே கொதிக்கச் செய்துவிட்டால் அடைப்பு ஏது? 1922இல் உரிமைப் பட்டயத்துக்கு விண்ணப்பித்தார். 1926இல் லொய்னா என்னும் ஊரில் அவர் முறையிலான முதற் பெரிய உலை இயங்கத் தொடங்கியது. தூளை ஓடவைத்த தொழிற்கலையின் பிறப்பு அதுவே.

இனி, தளதளத்த அத்தூளின் இயல்பைச் சற்றுக் காண்போம். படுகையின் அடியில் காற்றை மெல்லச் செலுத்தினால் அது துகள்களின் இடுக்கு வழியே கசிந்து மேலே போய்விடும், தூள் அசையாது. காற்றின் வேகம் கூடக்கூட, துகள்களை அது உந்தும் விசையும் கூடும. ஒரு கட்டத்தில் அவ்விசை படுகை முழுவதன் எடைக்கும் சமமாகிவிடும். அந்தக் கணத்தில் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருப்பதை விட்டு, காற்றின் தோளில் ஏறி நின்றுவிடுகின்றன. அதன்பின் படுகை நீரின் குணங்களைக் காட்டும். கலத்தைச் சாய்த்தால் மேற்பரப்பு சமமாகவே நிற்கும். மரக்கட்டையை இட்டால் மிதக்கும். இரும்புக் குண்டை இட்டால் மூழ்கும். பக்கத்தில் துளையிட்டால் தூள் பீறிட்டு ஓடும். இரண்டு கலங்களைக் குழாயால் இணைத்தால் இரண்டிலும் மட்டம் ஒன்றாகும். துகள்கள் ஓயாது கலந்து திரிவதால் படுகையெங்கும் ஏறத்தாழ ஒரே வெப்பம் நிலவும். கடலை வறுப்பவர் கரண்டியால் செய்யும் வேலையை இங்குக் காற்றே செய்துவிடுகிறது.

இவ்வியல்பு கரியுலையோடு நின்றிருந்தால் நாம் இதனை இவ்வளவு நேரம் பேசத் தேவையிராது. இதன் பெரும் வாய்ப்பு மண்ணெண்ணெய்க் காலம் போய் மோட்டார்க் காலம் வந்தபோது ஏற்பட்டது. பூமியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயில் பெட்ரோலாக வடித்தெடுக்கக் கூடிய பகுதி சிறிது. கனமான எண்ணெய் மிகுதி. அக்கன எண்ணெயின் நீண்ட மூலக்கூறுகளை உடைத்தால் பெட்ரோல் கிடைக்கும். 1913இல் வில்லியம் பர்ட்டன் என்னும் அமெரிக்கர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உடைக்கும் முறையைத் தொழிலாக்கினார். யூஜின் ஹூட்ரி என்னும் பிரெஞ்சுக்காரர், களிமண் போன்ற ஒரு வினையூக்கி உடனிருந்தால் எண்ணெய் இன்னும் நன்றாக உடைவதையும், கிடைக்கும் பெட்ரோல் உயர்ந்த தரமாயிருப்பதையும் கண்டார். 1930இல் அவர் அமெரிக்கா சென்றார்; 1937இல் பென்சில்வேனியா மாநிலத்து மார்க்கஸ் ஹூக்கில் அவர் முறையில் பேரளவுத் தொழிற்கூடம் எழுந்தது.

ஆனால் ஹூட்ரியின் முறையில் ஓர் இடர் இருந்தது. எண்ணெய் உடையும்போது வினையூக்கியின்மேல் கரி படியும். சில நிமிடங்களிலேயே அது செயலற்றுப் போகும். ஹூட்ரியின் வினையூக்கி ஓரிடத்தில் அசையாது அடுக்கப்பட்டிருந்தது. ஆகவே பத்து நிமிடம்போல எண்ணெயைச் செலுத்துவது, பின் அதனை நிறுத்திவிட்டுக் காற்றைச் செலுத்திக் கரியை எரிப்பது, மீண்டும் எண்ணெயைச் செலுத்துவது என்று மாறி மாறி நடத்தவேண்டியிருந்தது. ஒரு கலம் எரியும்போது மற்றொன்று உடைக்கும். திறப்பதும் மூடுவதுமாகிய வால்வுகளின் ஓயாத வேலை அது. வினையூக்கி அசையாதிருக்க எண்ணெயும் காற்றும் முறைவைத்து அதனிடம் வருவதற்குப் பதிலாக, வினையூக்கியே எண்ணெயிருக்கும் கலத்துக்கும் காற்றிருக்கும் கலத்துக்கும் நடந்து சென்றால் எவ்வளவு எளிதாகும்! ஆனால் தூளை எவ்வாறு நடக்கச் செய்வது?

1938இல் நியூ ஜெர்சி ஸ்டாண்டர்டு எண்ணெய் நிறுவனமும் வேறு சில நிறுவனங்களும் கூடி, ஹூட்ரியின் பட்டயங்களைச் சாராத ஒரு வழியைத் தேடத் தொடங்கின. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர்கள் வாரன் லூயிஸ், எட்வின் கில்லிலண்ட் ஆகிய இருவரும் இவ்வாராய்ச்சிக்குத் துணை நின்றனர். அதுவரை அறிஞர் எண்ணியது யாது? தனித்துகள் ஒன்று காற்றில் விழும் வேகத்தைக் கணக்கிட்டு, காற்றின் வேகம் அதனை மீறினால் தூள் முழுதும் பறந்துவிடும் என்று எண்ணினர். சோதனையில் தெரிந்ததோ வேறு. காற்றின் வேகம் அக்கணக்கைப் பன்மடங்கு மீறியும் நுண்தூள் கூட்டமாய்க் கூடி, அடர்ந்த படுகையாகவே நின்றது. தனியொரு பதர் காற்றில் போகும் வழி வேறு. முறம் நிறைந்த பதர் போகும் வழி வேறு. கூட்டத்தின் ஒழுக்கத்தைத் தனியின் ஒழுக்கத்தால் அளக்கலாகாது என்னும் இவ்வுண்மை, இவ்வரலாற்றில் மீண்டும் ஒருமுறை, கசப்பான வடிவில் வரவிருந்தது.

ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் ஆய்வாளர்களாகிய டொனால்ட் கேம்பெல், ஹோமர் மார்ட்டின், ஈகர் மர்ஃப்ரீ, சார்லஸ் டைசன் ஆகிய நால்வரும் இவ்வியல்பைத் தொழிலுக்கு ஏற்ப அமைத்தனர். காற்றூட்டிய தூள் உயர்ந்த குழாயில் நிற்கும்போது நீர்த்தூண்போல் அடியில் அழுத்தம் தரும். அவ்வழுத்தமே தூளை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்குத் தள்ளும். எந்திரக் கைகள் வேண்டியதில்லை. 1940இல் லூயிசியானா மாநிலத்துப் பேட்டன் ரூஜில் நாளொன்றுக்கு 100 பீப்பாய் எண்ணெயை ஏற்கும் முன்னோடிக் கூடம் அமைத்துப் பார்த்தனர். 1942 மே 25ஆம் நாள் அதே ஊரில் நாளொன்றுக்கு 13,000 பீப்பாய், அதாவது ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர், எண்ணெயை ஏற்கும் முதற் பெருங்கூடம் இயங்கத் தொடங்கியது. பத்தொன்பது மாடி உயரத்துக்கு அது ஓங்கி நின்றது. உலகப் போர் உச்சத்தில் இருந்த காலம் அது. விமானங்களுக்குரிய உயர்தரப் பெட்ரோலுக்கும் செயற்கை ரப்பருக்கும் வேண்டிய மூலப்பொருள்களை இத்தகைய கூடங்கள் வழங்கின. நால்வரின் பட்டயம் 1948இல் வழங்கப்பட்டது.

இம்முறையின் அழகு ஒன்றை இங்குச் சொல்லவேண்டும். எண்ணெயை உடைக்க வெப்பம் வேண்டும். கரியை எரித்தால் வெப்பம் வரும். எரிகலத்தில் சூடேறிய தூள் உடைகலத்துக்கு ஓடி, அவ்வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, கரியைச் சுமந்துகொண்டு எரிகலத்துக்குத் திரும்புகிறது. வினைக்கு இடையூறாய் வந்த கரியே வினைக்கு விறகாகிறது. மனித மயிரின் பருமனை ஒத்த அத்தூள், டன் டன்னாக, இரவும் பகலும் இவ்வாறு சுற்றிவருகிறது.

100 பீப்பாயிலிருந்து 13,000 பீப்பாய்க்குத் தாவி வென்றவர்கள், இனி எத்தகைய வினையையும் இவ்வாறே பெருக்கலாம் என்று நம்பியதில் வியப்பில்லை. அந்நம்பிக்கைக்கு அடி விழுந்த இடம் டெக்சஸ் மாநிலத்துப் பிரவுன்ஸ்வில். இயற்கை வாயுவைக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவாக மாற்றி, அதனை இரும்பு வினையூக்கித் தூளின் படுகையில் செலுத்திப் பெட்ரோல் ஆக்குவது அங்குள்ள திட்டம். சிறிய முன்னோடிக் கலத்தில், ஒரு முழத்துக்கும் குறைந்த அகலமுள்ள குழாயில், வினை நன்கு நடந்தது. வாயுவில் மிகப் பெரும் பகுதி மாறியது. அதனை நம்பிப் பல மீட்டர் அகலமுள்ள கலங்களைக் கட்டினர். 1950இல் கூடம் இயங்கத் தொடங்கியது. அதே தூள், அதே வாயு, அதே வெப்பம். ஆயினும் வாயு எதிர்பார்த்த அளவுக்கு மாறாமலே வெளியேறியது. பின்னர் பல திருத்தங்கள் செய்து பார்த்தனர். இயற்கை வாயுவின் விலை ஏறியதும் மலிவான எண்ணெய் கிடைத்ததும் சேர்ந்துகொள்ள, அப்பத்தாண்டு முடிவதற்குள் கூடம் மூடப்பட்டது. விலை நிலவரம் மட்டும் அதனை வீழ்த்தவில்லை. கலத்தின் அகலமும் வீழ்த்தியது.

அகலம் எவ்வாறு ஒரு வினையைக் கெடுக்கும்? விடை, படுகையில் எழும் குமிழிகளில் இருக்கிறது. தூளைத் தாங்க வேண்டிய அளவுக்கு மேல் காற்றைச் செலுத்தினால், மிகுந்த காற்றில் பெரும்பகுதி துகள்களின் இடையே பரவாமல், குமிழிகளாகத் திரண்டு மேலெழும். உலையில் கொதிக்கும் கஞ்சியில் குமிழி எழுவதை நினைவு கொள்க. எழும் குமிழிகள் ஒன்றோடொன்று கூடிப் பெருக்கும். சிறிய குழாயில் குமிழி எவ்வளவு பெருத்தாலும் குழாயின் அகலத்தை மீற முடியாது. பெருங்கலத்திலோ அதற்குத் தடையில்லை.

குமிழி எவ்வளவு விரைவாய் எழும் என்பதற்கு விடை வேறொரு துறையிலிருந்து வந்தது. ஆங்கில அறிஞர் ஜி. ஐ. டெய்லர், போர்க்காலத்தில் நீருக்கடியில் வெடிக்கும் வெடிகளின் குமிழிகளை ஆராய்ந்தவர். அவரும் டேவிஸ் என்பவரும் 1950இல் வெளியிட்ட கட்டுரையில், திரவத்தில் எழும் பெருங்குமிழியின் வேகம் அதன் அளவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது எனக் காட்டினர். பாய்மப் படுகையின் குமிழியும் ஏறத்தாழ அவ்விதிக்கே அடங்கியது. 10 சென்டிமீட்டர் குமிழி நொடிக்கு ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் எழும். 40 சென்டிமீட்டர் குமிழி நொடிக்கு 140 சென்டிமீட்டர் எழும். நான்கு மடங்கு பெரிய குமிழி இரு மடங்கு விரைவாய் ஓடிவிடுகிறது. அதுமட்டுமன்று. குமிழி நான்கு மடங்கு பெருத்தால் அதன் கொள்ளளவு அறுபத்துநான்கு மடங்காகும். மேற்பரப்போ பதினாறு மடங்கே ஆகும். உள்ளிருக்கும் வாயுவுக்குக் கிடைக்கும் வாயில் நாலில் ஒன்றாய்க் குறைகிறது. தங்கும் நேரமோ பாதியாகிறது. வினையூக்கியின் நடுவே பயணம் செய்தும், வினையூக்கியைத் தொடாமலே வாயு வெளியேறிவிடுகிறது. பந்தி நடுவே ஓடியும் இலையில் அமராது போன விருந்தினர்போல் அது.

1961இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் டேவிட்சன் இதனைக் கணிதத்தால் தெளிவாக்கினார். விரைந்தெழும் குமிழியிலிருந்து வாயு தூளுக்குள் சென்றாலும், குமிழியைச் சூழ்ந்த ஒரு மெல்லிய மேகத்துக்குள்ளேயே சுழன்று மீண்டும் குமிழிக்கே திரும்பிவிடுகிறது என்பது அவர் கணிப்பு. ஹார்வெல் ஆய்வுக்கூடத்தில் பி. என். ரோவும் உடனிருந்தோரும் பழுப்பு நிறமுள்ள நைட்ரஜன் டையாக்சைடு வாயுவால் குமிழியை உண்டாக்கிப் படம் பிடித்தனர். டேவிட்சன் சொன்ன மேகம் பழுப்பு வளையமாய்ப் படத்தில் நின்றது. 1963இல் டேவிட்சனும் டேவிட் ஹாரிசனும் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை நூலாயிற்று. கணக்கும் கண்ணும் ஒன்றுக்கொன்று சான்றான அரிய நிகழ்ச்சி அது.

அப்படியானால் பேட்டன் ரூஜில் வெற்றி கிடைத்தது எவ்வாறு? அங்கு வினை விரைவானது. உடையாது எஞ்சிய எண்ணெயைப் பிரித்து மீண்டும் செலுத்த வழியும் இருந்தது. ஆகவே சிறிது நழுவல் அக்கூடத்தை வீழ்த்தவில்லை. தூளின் நுண்மையும் உதவியது. 1973இல் டி. கெல்டார்ட் தூள்களை நான்கு வகுப்பாகப் பிரித்துக் காட்டினார். அவற்றை நம் அடுக்களைப் பொருள்களால் விளக்கலாம். அரிசி மாவு போன்றது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காற்றுக்கு இணங்காது. எழுந்தாலும் பிளவுபட்டு நிற்கும். எண்ணெய் உடைக்கும் நுண்தூள் முதலில் குமிழியின்றி மெல்ல விரியும். அதில் குமிழி அளவுக்கு மேல் பெருக்காது. ஆற்றுமணல் போன்றதில் தூள் எழுந்தவுடனேயே குமிழியும் எழும். அது பெருத்துக்கொண்டே போகும். மிளகு, பட்டாணி போன்ற பெரியவை தனிப்பட்ட ஒழுக்கம் உடையவை. எந்தத் தூளைக் கையாள்கிறோம் என்பதை அறிந்தபின்னரே கலத்தின் அளவை முடிவு செய்யவேண்டும் என்பது இதனால் விளங்கிற்று.

நோயறிந்தபின் மருந்தும் வந்தது. படுகைக்குள் தடுப்புகளும் குழாய்களும் அமைத்துக் குமிழியை உடைத்தனர். நுண்தூளின் பங்கைக் கூட்டினர். வாயுவின் வேகத்தை உயர்த்திக் குமிழி உருவாகாத கொந்தளிப்பு நிலைக்குப் படுகையைக் கொண்டுசென்றனர். 1960இல் ஒஹையோ மாநிலத்தில் அக்ரிலோநைட்ரைல் என்னும் செயற்கை இழை மூலப்பொருள் பாய்மப் படுகையில் பேரளவில் செய்யப்பட்டது. பிரவுன்ஸ்வில்லில் தோற்ற அதே வினையும் ஒருநாள் வென்றது. தென்னாப்பிரிக்காவின் சாசோல் நிறுவனம் 1995 முதல் செக்குண்டாவில் 8 மீட்டர் அகலமும் அதற்கு மேலும் உள்ள பாய்மப் படுகைக் கலங்களை நிறுவி, கரியிலிருந்து பெற்ற வாயுவை எண்ணெயாக்கியது. இரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே நாற்பத்தைந்து ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் குமிழியைப் பற்றிய மனித அறிவு பெருகியிருந்தது.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். விடுதலைக்குப் பின் 1954இலும் 1955இலும் பம்பாயை அடுத்த டிராம்பேயில் இரு பெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களும், 1957இல் விசாகப்பட்டினத்தில் ஒன்றும் தொடங்கின. அவற்றை நிறுவியவை அயல்நாட்டு நிறுவனங்கள். தூள் வினையூக்கி முறை அவற்றோடு நம் மண்ணுக்கு வந்தது. 1970களில் அந்நிலையங்கள் அரசுடைமையாயின. ஆனால் கட்டடம் நம்முடையதாவது வேறு. கட்டடத்தின் உள்ளே நிகழ்வது ஏன் என்னும் அறிவு நம்முடையதாவது வேறு. பத்திரத்தால் முன்னதைப் பெறலாம்; பின்னதைப் பெற ஆராய்ச்சியே வழி.

அவ்வாராய்ச்சியில் நம்மவர் பின்தங்கவில்லை. 1950இல் தொடங்கப்பெற்ற பூனா தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தில் எல். கே. துரைசாமியும், பம்பாய்ப் பல்கலைக்கழகத்து இரசாயனத் தொழில்நுட்பத் துறையில் எம். எம். சர்மாவும் இத்துறைக்கு உலகப் புகழ் சேர்த்தனர். இருவரும் சேர்ந்து 1984இல் வெளியிட்ட இரு தொகுதி நூல், பல நிலைப் பொருள்கள் கூடும் வினைகளையும் அவற்றுக்குரிய கலங்களையும் ஆராய்வது. உலகெங்கும் பொறியியல் மாணவர் பயின்றது. திரவம் நிறைந்த உயரக் கலத்தில் அடியிலிருந்து வாயுக்குமிழிகளைச் செலுத்தும்போது, திரவம் நடுவே எழுந்து ஓரமாய் இறங்கிச் சுழற்சிகளாகப் பிரிந்து ஓடும் என்பதை விளக்கும் கணிப்பு ஒன்றை ஜே. பி. ஜோஷியும் சர்மாவும் 1979இல் வெளியிட்டனர். கலம் அகன்றால் சுழற்சியும் மாறும். ஆகவே சிறியதை அப்படியே பெருக்கலாகாது என்பதற்கு அது மற்றொரு சான்று. சர்மா 1990இல் இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 

அறிவு ஆலையாக மாறியதற்கும் ஒரு சான்று உண்டு. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் பரீதாபாத் ஆராய்ச்சி மையம், கன எண்ணெயை உடைத்துச் சமையல் எரிவாயுவை மிகுதியாகப் பெறும் ‘இண்ட்மாக்ஸ்’ என்னும் முறையை உருவாக்கியது. முதலில் 2003இல் கௌஹாத்தியில் ஆண்டுக்கு 1 லட்சம் டன் எண்ணெயை ஏற்கும் சிறிய அலகை அமைத்தனர். அதில் ஆண்டுக்கணக்கில் கற்றபின்னரே ஒரிசாக் கடற்கரையில், 2016இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பாரதீப் நிலையத்தில், 40 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்கும் பேரலகை நிறுவினர். ஒன்றிலிருந்து நாற்பதுக்கு மேற்பட்ட தாவல் அது. பிரவுன்ஸ்வில் பொறியாளர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு தாவியதுபோல் அன்றி, கீழே என்ன இருக்கிறதென்று அறிந்து தாவினர் நம்மவர்.

இவ்வரலாறு நமக்குச் சொல்வது என்ன? மேசைமேல் சிறு கலத்தில் கண்ட வெற்றி, பெருங்கலத்தின் வெற்றிக்கு உறுதியாகாது. அளவு பெருகும்போது பொருள் பெருகுவது மட்டுமன்றி, அதன் ஒழுக்கமும் மாறுகிறது. பத்துப் பேருக்குச் சமைக்கத் தெரிந்தவர் ஆயிரம் பேருக்குச் சமைக்கும்போது அரிசியை நூறு மடங்காக்கினால் போதாது என்பதைக் கல்யாண வீட்டுச் சமையற்காரர் அறிவார். விறகு, பாத்திரம், கிளறும் கை அனைத்தையும் அவர் புதிதாய் எண்ணிப் பார்க்கிறார். இரசாயனப் பொறியாளரும் அவ்வாறே எண்ணவேண்டியிருந்தது. அதனைக் கற்பித்த ஆசிரியர் ஒரு குமிழி.

வெறும் காற்றாலான அக்குமிழியைக் கருதாது கட்டிய பெருங்கூடம் வீழ்ந்தது. அதனைப் பொறுமையோடு அளந்து, படம் பிடித்து, கணக்கிட்டவர்களின் உழைப்பால் பின்வந்த கூடங்கள் நிலைத்தன. அடுத்த முறை உலையில் கஞ்சி கொதிக்கும்போது மேலெழும் குமிழியைச் சற்று நின்று பாருங்கள். அதன் போக்கை அறிய முயன்றவர்களுக்கே நம் அடுப்பின் நீலச் சுடரில் ஒரு பங்கு கடன்பட்டிருக்கிறது.